ஹாலைக் கொடுங்கள், போர்டையும் வையுங்கள்

கேள்வி: நாங்கள் கோவையில் ஃபிரேம் கடை நடத்துகிறோம். கடைக்கு மேலே ஒரு ஹால் இருக்கிறது. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்கள் என்று யார் கேட்டாலும் கண்காட்சி வைக்கக் குறைந்த வாடகைக்குக் கொடுப்போம். வழக்கமாக எங்களிடம் படம் கொண்டுவரும் ஒரு பெண்ணும் அவருடைய நண்பர்கள் ஐந்து பேரும் வருகிற ஜூனில் பத்து நாளுக்கு ஹாலைக் கேட்கிறார்கள். ஆறு பேரும் குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) கலைஞர்கள். வாசல் போர்டில் ‘குயர் கலைக் கண்காட்சி’ என்றே போட வேண்டும் என்கிறார்கள். என் கணவருக்குப் படங்களில் ஆட்சேபம் இல்லை. “கலைன்னா கலைதானுங்களே, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு போர்டு? எல்லார் படத்தோடயும் சேர்த்து மாட்டினா ஆச்சு” என்கிறார். தனியாகப் பிரித்து வைப்பதே ஒதுக்கி வைப்பது மாதிரி ஆகிவிடாதா என்று எனக்கும் தோன்றுகிறது. அந்தக் குழுவில் ஒரு பையனுக்கு வீட்டில் இன்னும் விஷயம் தெரியாதாம். ஏதாவது பிரச்சினை வந்தால் எப்படிச் சமாளிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

ஹாலைக் கொடுங்கள். போர்டையும் அவர்கள் கேட்டபடியே வையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் பாதி முடிவெடுத்துவிட்ட மாதிரித்தான் தெரிகிறது. வீட்டில் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதானே?

உங்கள் கணவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்காட்சி அமைக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேலரி நடத்துபவர்கள் கேட்பார்கள், பேராசிரியர்கள் கேட்பார்கள், சில குயர் ஓவியர்களே கேட்பார்கள். எல்லோரோடும் சேர்த்து மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கலைஞர். 1991-ல் அவர் செய்த ஒரு படைப்பு வெறும் மிட்டாய்க் குவியல். பளபளப்பான வண்ணத்தாளில் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் கொட்டிக் கிடக்கும். அதன் எடை 175 பவுண்டு, அதாவது 79 கிலோ சொச்சம் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த கணக்கு. பார்க்க வருபவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். குவியல் நாளுக்கு நாள் இளைக்கும். பிறகு அருங்காட்சியகத்தார் மறுபடி நிரப்புவார்கள். இவ்வளவு மட்டும் தெரிந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டமான ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் படைப்பு ராஸ் லேகாக் என்பவரின் உருவச்சித்திரம். ராஸ், கலைஞரின் காதலர். எய்ட்ஸ் வந்து, உடல் உருகி, அதே 1991-ல் இறந்துபோனவர். ஐந்து வருடம் கழித்துக் கலைஞரும் அதே நோயில், 38 வயதில் போய்விட்டார். இது தெரிந்த பிறகு வாயில் கரைகிற மிட்டாய் வேறு மாதிரி இனிக்கும்.

சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட் அமெரிக்காவின் மிகப் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்று. அங்கே இந்தப் படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்க அட்டையில் எடை இருந்தது, மிட்டாய் இருந்தது. ராஸ் அவருக்கு யார் என்பதும் எய்ட்ஸ் என்பதும் இல்லை. 2022-ல் பார்வையாளர்கள் கவனித்துக் கேள்வி கேட்ட பிறகுதான் அட்டையை மாற்றினார்கள். யாரும் படைப்பைத் தூக்கி எறியவில்லை, தடை போடவில்லை. நல்ல வெளிச்சத்தில், நல்ல இடத்தில், மரியாதையோடுதான் வைத்திருந்தார்கள். அந்த மரியாதைக்கு நடுவிலேயே ராஸ் காணாமல் போய்விட்டார். ‘கலைன்னா கலைதான்’ என்பது நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

உங்கள் ஊருக்கு வருவோம். அந்தப் பெண் இரண்டு பெண்கள் ஒரு சமையலறையில் நிற்கிற மாதிரி ஒரு படம் வரைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கண்காட்சியில் இயற்கைக் காட்சிக்கும் பிள்ளையாருக்கும் நடுவே அதை மாட்டினால், வருகிறவர்கள் ‘அக்கா தங்கச்சி’ என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்குப் பழகிய உறவு அதுதான். வாசலில் ஒரு போர்டு இருந்தால் அதே படத்தின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் போர்டு.

அப்படியானால் பொது அரங்கில் இவர்கள் யாருமே ஜெயிக்கவில்லையா என்று கணவர் கேட்பார். ஜெயித்திருக்கிறார்கள். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலவாசமாக நாட்டியம் கற்று, சபா மேடைகளில் ஆடி, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த விருது பெற்ற முதல் திருநங்கை அவர்தான். ஆனால் அப்படி ஒரு குரு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அவர் அளவுக்கு ஆடத் தெரிந்தால்தான் மேடை என்றால், சுமாராக ஆடுகிறவர்களும் இப்போதுதான் அடவு பழகுகிறவர்களும் எங்கே போவார்கள்? மற்ற பிள்ளைகளுக்குச் சுமாராக வரைந்து, நாலு பேர் பார்த்து, அடுத்த வருடம் கொஞ்சம் தேற ஒரு இடம் இருக்கிறது. உங்கள் ஹாலே அப்படிப்பட்ட இடம்தான்.

ஓவியத்தில், தன்பாலீர்ப்பாளரான பூபேன் கக்கர் இருக்கிறார். பரோடாவில் கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்த்துக்கொண்டே வரைந்தவர், படித்துப் பட்டயக் கணக்காளர் ஆனவர். 1981-ல் அவர் வரைந்த ஒரு பெரிய படத்தில், நிர்வாணமாக ஒரு ஆள் மாடியில் நின்று தெருவைப் பார்க்கிறான். தெருவில் நமக்கெல்லாம் தெரிந்த அப்பா, பிள்ளை, கழுதை கதை நடக்கிறது. யார் சொல்வதைக் கேட்டாலும் இன்னொருவர் குறை சொல்லும் கதை. இப்போது அந்தப் படம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2016-ல் அங்கே அவருடைய படைப்புகளுக்கென்றே பெரிய கண்காட்சியும் நடந்தது. பொது அரங்கின் வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லி அந்த மாடியில் வந்து நிற்க அவருக்கு 47 வயது ஆகியிருந்தது. அதற்குள் பெயர் பெற்ற ஓவியர் ஆகிவிட்டார், பரோடாவில் துணைக்கு ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. உங்களிடம் ஹால் கேட்கிற ஆறு பேருக்கு அந்தப் பெயரும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆறு பேர் சேர்ந்து அதைத்தான் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

தனியாக இருப்பது ஒதுங்குவது ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி ஓவியர்களுக்கென்று ஒரு கிராமமே அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் செலவைச் சமாளித்தார்கள். பம்பாயும் டெல்லியும் மெட்ராஸ் ஓவியர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. சொந்த இடம் இருந்ததால்தான் கூடிப் பேசவும், சண்டை போடவும், ஒருவர் வேலையைப் பார்த்து இன்னொருவர் கற்கவும் முடிந்தது. ஓவியர்கள் தங்களை ஒதுக்கிக்கொண்டார்கள் என்று இன்றைக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. மெட்ராஸ் கலை இயக்கம் என்று பாடம் நடத்துகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு, ஃபிரேம் கடைக்காரரான உங்களுக்கு அது சட்டென்று புரியும். வரைந்தவர் போன பிறகு படம் என்ன ஆகிறது? பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-ல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தில், குயர் மக்களைப் பற்றியவையும் உள்ளிட்ட பெரிய நூலகமும் படத் தொகுப்பும் இருந்தன. 1933 மே 6-ம் தேதி நாஜி மாணவர்கள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து நகரின் நடுச் சதுக்கத்தில் வைத்த தீயில் அங்கிருந்து அள்ளிய புத்தகங்களும் எரிந்தன. அரை நூற்றாண்டு தாண்டி 1984-ல்தான், பெர்லின் அருங்காட்சியகத்தில் மேற்பார்வையாளர் வேலை பார்த்த சிலர் இயக்குநரைச் சம்மதிக்க வைத்து, அந்த நகரத்துத் தன்பாலீர்ப்பாளர்களின் நூறு வருட வாழ்க்கையைக் காட்டும் ஒரு கண்காட்சியை நடத்தினார்கள். கூட்டம் வந்தது. கண்காட்சி முடிந்ததும் எல்லாம் கலைந்துபோகக் கூடாது என்று அடுத்த வருடமே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று பெர்லினில் இருக்கும் ஷ்வூலஸ் அருங்காட்சியகம் அப்படித் தொடங்கியதுதான்.

நியூயார்க்கில் சார்லஸ் லெஸ்லி, ஃப்ரிட்ஸ் லோமன் என்ற இருவர் 1969-ல் தங்கள் வீட்டிலேயே நண்பர்களின் படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். எண்பதுகளில் எய்ட்ஸ் வந்து ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தபோது, வெட்கப்பட்ட குடும்பங்கள் படங்களைக் குப்பையில் போட்டன. இவர்கள் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். 1987-ல் அது அறக்கட்டளை ஆனது, இப்போது அவர்கள் பெயரிலேயே முறையான அருங்காட்சியகம். இரண்டுமே ஒரு கண்காட்சியில் ஆரம்பித்தவை. நீங்களும் அருங்காட்சியகம் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு நீள நோட்டு போடுங்கள், போதும். வரும் ஒவ்வொரு படத்தையும் நேர்வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அளவு, என்ன வண்ணம், எந்த வருடம், ஓவியர் எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறார் என்பதை எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் தேடி வந்தால் அந்த நோட்டு பேசும்.

சென்னையில் இதற்கெல்லாம் ஓரளவு வழி இருக்கிறது. குயர் திரைப்பட விழா நடக்கிறது. 2014-ல் திருநர் கலைஞர்கள் தாங்களே பன்மை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். 2018-ல் குயர் இலக்கிய விழாவும் நடந்தது. ஆனால் அதற்கெல்லாம் ரயிலேறிப் போய், தங்கி, வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு வர வேண்டும். டவுன் பஸ்ஸில் வந்து போகிற தூரத்தில் ஒரு ஹால் என்பது வேறு.

அதிலும் உங்கள் இடத்தில் ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. மாடிக்குப் போகும் வழி ஃபிரேம் கடைக்குள்ளேயே இருந்தால் அதை மாற்றாதீர்கள். இப்படிப்பட்ட கண்காட்சிகளுக்கு வருகிறவர்களில் சிலர் வாசல் வரை வந்து, எதிர்க்கடையில் டீ குடித்து, திரும்பிப் போய், மறுநாள் மறுபடி வருவார்கள். தெருவில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான். உங்கள் கடையில் அந்தப் பயம் இல்லை. தாத்தா போட்டோவுக்கு ஃபிரேம் விலை கேட்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரிய கேலரிகளின் கண்ணாடிக் கதவு இந்தச் சலுகையைத் தராது. போர்டை வாசலில் வையுங்கள். ஆனால் ‘கண்காட்சிக்கா?’ என்று வருகிறவர்களைக் கடைப்பையன் உரக்க விசாரிக்கக் கூடாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் தெரியாத பையன் விஷயம். மற்ற ஐந்து பேர் முன்னால் அவனிடம் எதையும் கேட்காதீர்கள், கூட்டத்தில் ‘பரவால்லக்கா, பேர் போட்டுக்கலாம்’ என்று சொல்லிவிடுவான். தனியாகக் கேளுங்கள். புனைபெயர் வேண்டும் என்றால் அட்டையிலும் அழைப்பிதழிலும் விலைப்பட்டியலிலும் அதுவே இருக்கட்டும். இங்கே நம் தொழிலில் எல்லோரும் மறக்கிற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, படத்தின் மூலையில் அவனே போட்ட கையெழுத்து. படத்தைச் சுற்றி வைக்கிற மௌண்ட் போர்டு அட்டையை அது மறைகிற மாதிரி வெட்டிவிடலாம். இரண்டாவது, ஃபிரேமின் முதுகில் பில்லுக்காக நீங்கள் எழுதுகிற பெயரும் போன் நம்பரும். படத்தை வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பினால் முழு ஜாதகமும் அங்கே இருக்கும். மாட்டுவதற்கு முன் அழித்துவிடுங்கள்.

செல்போன் இன்னொரு தலைவலி. படத்தை எடுக்கலாம், ஆளை எடுக்கக் கூடாது என்று மாடிப்படியிலும் ஹாலுக்குள்ளும் எழுதி ஒட்டுங்கள். திறப்பு நாளில் பத்திரிகைக்காரர்கள் வந்தால் யார் படம் எடுக்கச் சம்மதித்தவர் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். யாரோ போட்ட ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ் ராத்திரிக்குள் சித்தப்பா போனுக்குப் போய்விடும். பிறகு நாம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

ஏதாவது பிரச்சினை வந்தால் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சட்டம். 2018 செப்டம்பர் 6-ம் தேதித் தீர்ப்பில், ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்தவர்கள் மனமொத்து நடத்தும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, இந்தச் சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தது. ஆபாசம் பற்றிய சட்டம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ம் பிரிவில் இருக்கிறது. கலைக்கும் இலக்கியத்துக்கும் அதிலேயே விலக்கு உண்டு. 1954-லேயே பம்பாய் ஜஹாங்கீர் கேலரியில் அக்பர் பதம்சீ ‘காதலர்கள்’ என்று மாட்டிய படங்களை எடுக்கச் சொல்லிப் போலீஸ் வந்தது. அவர் மறுத்தார். வழக்கு நடந்தது, விடுதலையானார். நிர்வாணப் படம் ஏதும் இருந்தால் உள்பக்கச் சுவரில் மாட்டி, அதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு வைத்துவிடுங்கள். அது நாகரிகமும் கூட.

ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதியும் நேரமும் சொல்லி ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்கிற தொனியில் எழுத வேண்டாம், தகவல் தெரிவிக்கிற கடிதமாக இருக்கட்டும். யாராவது வந்து கூச்சல் போட்டால் உங்களைச் ‘சமாதானக் கூட்டத்துக்கு’ கூப்பிடலாம். போனாலும் அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தாளர் பெருமாள்முருகனை அப்படித்தான் ஒரு கூட்டத்தில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. ஒரு வக்கீல் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் சொந்தமா வாடகையா என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை என்றால் கட்டட உரிமையாளருக்கு உங்கள் வாயால் முதலில் தெரியட்டும்.

எனக்குச் சில எரிச்சல்களும் உண்டு. குயர் மக்களின் பெருமித மாதம் என்று ஜூனில் மட்டும் அவர்களுடைய அடையாளமான வானவில்லை ஒட்டி ஜூலை முதல் தேதி கிழிக்கிற வழக்கம் அதில் முதல். பத்து நாள் முடிந்ததும் இந்த ஆறு பேரையும் உங்கள் வழக்கமான பொதுக் கண்காட்சிக்குக் கூப்பிடுங்கள், இதே விளக்க அட்டையோடு. கணவர் சொன்ன ‘எல்லாரோடும் சேர்த்து’ அப்போது நன்றாகவே நடக்கும். ஆறு பேரில் ஒருவருக்குத் தனிக் கண்காட்சியில் சேரப் பிடிக்கவில்லை என்றால் அவரை வற்புறுத்தாமல் நேரே அங்கே மாட்டுங்கள். அடுத்த எரிச்சல், குயர் கலை என்றாலே அழுகையும் சங்கிலியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. பூ மார்க்கெட்டை வரைந்திருந்தால் பூ மார்க்கெட்டை மாட்டுங்கள். ‘இதில் குயர் எங்கே?’ என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும், வரைந்தவர் பதில் சொல்வார், சொல்லாமலும் இருப்பார்.

வாடகையை இரக்கப்பட்டுக் குறைக்க வேண்டாம். மற்றவர்களிடம் என்ன வாங்குகிறீர்களோ அதையே வாங்குங்கள், விற்பனையில் கமிஷனும் அதே கணக்குதான். படத்துக்கு என்ன விலை என்று கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் ‘பாத்து நீங்களே போடுங்கக்கா’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு பேரையும் உட்கார வைத்து, கேன்வாஸ், வண்ணம், ஃபிரேம் செலவு, வரைந்த நாட்கள் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அவர்கள் கையாலேயே விலை எழுதி வாங்கிய பிறகு ஆணி அடியுங்கள்.